மெய்நிகர் பயிற்சியில் குழு வளர்ச்சி நிலைகள் எப்படி வெளிப்படுகின்றன?

ஒருவரையொருவர் அறிந்துகொள்ளும் உருவாதல், உரசிக்கொள்ளும் கொந்தளித்தல், பொது விதிகளுக்கு வரும் நெறிப்படுதல், சேர்ந்து வேலை செய்யும் செயற்படுதல் ஆகிய நிலைகள் இணையவழிப் பயிற்சிக் குழுக்களிலும் வரிசையாக வருகின்றனவா என்று கேட்டிருக்கிறீர்கள். வருகின்றன என்றே சொல்வேன். ஆனால் கொந்தளிப்பு மட்டும் பயிற்சியாளரின் திரைக்கு வருவதில்லை. அதைக் காணாத நான், என் குழு அந்த நிலையைத் தாண்டிவிட்டதாக இரண்டு வாரம் நம்பிக்கொண்டிருந்தேன்.

2021ஆம் ஆண்டு ஊரடங்குக் காலத்தில், குறுவை நடவு தொடங்கியிருந்த வேளையில், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களின் களப்பணியாளர்கள் பதினான்கு பேருக்கு, உறுப்பினர் கணக்குகளை, எல்லோரும் திருத்தக்கூடிய ஒரே இணையத் தாளில் பதிவு செய்யும் பயிற்சியை ஆறு வாரம் நடத்தினேன். திருவையாறு, மன்னார்குடி, சீர்காழி, வேதாரண்யம் எனப் பல ஊர்களிலிருந்தும் மாலை ஏழு மணிக்கு ஜூமில் கூடுவோம். முதல் வாரம் முழுவதும் "வணக்கம் சார்", "கேக்குது சார்" என்பதற்கு மேல் எவரும் பேசவில்லை. நேரில் நடக்கும் பயிற்சியில் முதல் நாள் தேநீர் இடைவேளையிலேயே யார் எந்த ஊர், யாருக்கு யார் உறவு என்பதெல்லாம் வெளிவந்துவிடும். இங்கே அந்த இடைவேளையே இல்லாததால் உருவாதல் நிலை நீண்டுகொண்டே போனது.

இரண்டாம் வாரத்தில் முந்தைய சம்பா விளைச்சலைப் பதியச் சொன்னேன். மன்னார்குடிப் பெரியவர் ஒருவர் 10 என்று எழுதினார்; சீர்காழியிலிருந்து கலந்துகொண்ட இளம்பெண் 45 என்று எழுதினார். வகுப்பில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. மறுநாள் 10 இருந்த கட்டத்தில் 45 இருந்தது. அதற்கடுத்த நாள் மீண்டும் 10. தாளின் திருத்த வரலாற்றைப் பிறகு திறந்து பார்த்தபோது, அந்த ஒரு கட்டம் மட்டும் நான்கு முறை மாற்றப்பட்டிருப்பது தெரிந்தது. மூன்றாம் வாரத்தில் கேமராக்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. "நெட் இல்ல சார்" என்பது வழக்கமான காரணமாயிற்று. அதன் பிறகுதான் அந்தப் பெண் எனக்குத் தனியாக ஒரு குரல் பதிவு அனுப்பினார்: "அண்ணன் தப்பா போடுறாங்க சார், எல்லாருக்கும் முன்னால நான் எப்படிச் சொல்றது?"

உண்மையில் இருவருமே சரியாகத்தான் எழுதியிருந்தார்கள். பெரியவர் கணக்கு மா என்னும் நில அளவுக்கு, வியாபாரி எடுக்கும் 60 கிலோ மூட்டையில். அந்தப் பெண்ணின் கணக்கு ஏக்கருக்கு, நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் 40 கிலோ மூட்டையில். மூன்று மா ஓர் ஏக்கர் என்று பெருக்கினால் இரண்டுமே 1,800 கிலோதான். தாளின் தலைப்பில் வெறுமனே "மூட்டை" என்று போட்டு வைத்த தவறு என்னுடையது. நான்காம் வாரத் தொடக்கத்தில் இருவரையும் ஜூமிலேயே தனி அறையில் சேர்த்துப் பேசவைத்து, மறுநாள் பெரியவரையே மற்றவர்களுக்கு விளக்கச் சொன்னேன். இனி கிலோ, ஏக்கர் மட்டுமே என்றும், ஒருவர் எழுதியதை மாற்றுபவர் காரணத்தைப் பக்கத்தில் குறிக்க வேண்டும் என்றும் அவர்களே முடிவு செய்தார்கள். நெறிப்படுதல் அந்த மாலையில்தான் நடந்தது. அதன் பின் வேலை தானாக ஓடியது.

இந்த நிலைகளை வகுத்த புரூஸ் டக்மன், 1965இல் ஏற்கெனவே வெளிவந்திருந்த 50 கட்டுரைகளைத் தொகுத்து ஆராய்ந்துதான் இம்முடிவுக்கு வந்தார். அவற்றில் பெரும்பாலானவை உளச்சிகிச்சைக் குழுக்களையும் மனித உறவுப் பயிற்சிக் குழுக்களையும் பற்றியவை, அதாவது ஒரே அறையில் முகம் பார்த்து அமர்ந்தவர்களைப் பற்றியவை. அத்தகைய அறையில் கோபம் குரலில் தெரியும். நம் பக்கத்தில் வயதில் மூத்தவரைப் பலர் முன்னிலையில் திருத்துவது அறைக்குள்ளேயே கடினம் என்னும்போது, திரையில் அது தனிச்செய்தியாகவும் அணைந்த கேமராவாகவும் உருமாறிவிடுகிறது. ஆகவே உங்கள் குழு அமைதியாக இருந்தால், உடன்பாடு என்று எண்ணிக்கொள்ளாமல் முதலில் திருத்த வரலாற்றைப் பாருங்கள். ஒவ்வொருவரையும் தனியாகத் தொலைபேசியில் அழையுங்கள்.

வரிசையையும் இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டாம். கோனி கெர்சிக் என்னும் ஆய்வாளர் 1988இல், தாம் கவனித்த எட்டுக் குழுக்களும் தத்தம் காலக்கெடுவின் பாதியில்தான் திடீரென்று வேகம் பிடித்தன என்று எழுதினார். எங்கள் திருப்பமும் மூன்றாம் வாரம் முடிந்த கையோடு வந்ததால், எனக்கு அவர் கணக்கு இன்னும் பொருத்தமாகப் படுகிறது. ஐந்தாம் வாரத்தில் இருவர் நடவுக்குப் போய் மாற்றாட்கள் வந்தபோதோ, குழு மறுபடியும் "கேக்குது சார்" காலத்துக்கே போய் இரண்டு நாள் கழித்துத்தான் திரும்பியது.

1977இல் டக்மன் மேரி ஆன் ஜென்சனுடன் சேர்ந்து கலைதல் என்ற ஐந்தாம் நிலையையும் சேர்த்தார். எங்கள் குழுவில் அது மட்டும் நடக்கவே இல்லை. பயிற்சி முடிந்த பிறகும் வாட்ஸ்அப்பில் காலை வணக்கப் பூக்களுக்கு நடுவே, கொள்முதல் நிலையத்துக்குச் சாக்கு வந்துவிட்டதா என்று பெரியவர் கேட்க, முதலில் பதில் போடுபவர் அந்தச் சீர்காழிப் பெண்தான்.