முதலில் செங்கல், பிறகுதான் மரம்: பழைய பெரிய ஸ்பீக்கர்களுக்கு ஸ்டாண்ட் – கேள்வி பதில்

பழைய ஸ்பீக்கர்களுக்கு மர ஸ்டாண்ட் செய்வது பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்ததில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: "எத்தனை அங்குலம்?" அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அண்ணா, என்னிடம் ஜேபிஎல் எல்-100 ஜோடி இருக்கிறது. தரையில் வைத்தால் பேஸ் (கனத்த அடி ஒலி) கும்மென்று அடைக்கிறது, பாடுகிறவர் குரல் முழங்காலிலிருந்து வருகிறது. ஸ்டாண்ட் எவ்வளவு உயரம் வைக்கட்டும்? – மதுரை வாசகர்

மரத்தைத் தொடாதீர்கள் தம்பி. பத்துப் பதினைந்து செங்கல் கொண்டுவாருங்கள். நம் ஊர்ச் செங்கல்லைப் படுக்கப் போட்டால் 3 அங்குலம், பக்கவாட்டில் நிறுத்தினால் நாலரை. இரண்டையும் கலந்து அடுக்கினால் 6, ஏழரை, 9 என்று எல்லா உயரமும் கிடைக்கும். ஒவ்வொரு உயரத்திலும் இரண்டு நாள், அதே பாட்டு, அதே நாற்காலி. எந்த உயரத்தில் எழுந்துபோக மனம் வரவில்லையோ அதுதான் உங்கள் அளவு.

1970இல் வந்த எல்-100ஐ 'புக்ஷெல்ஃப்' ரகம் என்றுதான் விற்றார்கள். இரண்டடி உயரப் பெட்டி, 12 அங்குல ஊஃபர் (பேஸ் தரும் பெரிய கூம்பு). எந்தப் புத்தக அலமாரி தாங்குமோ! ஆனாலும் அந்தப் பெயரில் ஒரு உண்மை இருக்கிறது: அது தரையில் உட்காரச் செய்த பெட்டியில்லை. தரையை ஒட்டி வைத்தால் பேஸ் கூடும், சுவர் மூலையும் சேர்ந்தால் இன்னும் கூடும். தூக்கத் தூக்க அடைப்பு விலகும். அளவுக்கு மீறித் தூக்கினால் பாட்டு மெலிந்துவிடும். அதனால் பெரிய பெட்டிக்கு உயரமான ஸ்டாண்டைவிட, குட்டையாகச் செய்து பின்பக்கம் சற்றே சாய்த்த ஸ்டாண்டையே சொல்வேன். கிளிப்ஷ் ஹெரஸி என்ற ஸ்பீக்கருக்குக் கம்பெனியே அப்படிச் சாய்வான அடிப்பீடம் தருகிறது.

சாய்வுக்குக் கணக்கு சுலபம். உட்கார்ந்தால் உங்கள் காது தரையிலிருந்து 95 செ.மீ., 8 அங்குல ஸ்டாண்டில் ட்வீட்டர் (மெல்லிய உச்ச ஒலி தரும் சின்ன ஸ்பீக்கர்) 75 செ.மீ. என்று வையுங்கள். வித்தியாசம் 20. நீங்கள் உட்காரும் தூரம் 3 மீட்டர். 20ஐ 300ஆல் வகுத்து, பெட்டியின் ஆழமான 34ஆல் பெருக்கினால் 2.3 செ.மீ. முன்பக்கம் அவ்வளவு தூக்கினால் ட்வீட்டர் நேராக உங்களைப் பார்க்கும். டேப் வைத்து உங்கள் வீட்டு அளவைப் போட்டுக்கொள்ளுங்கள்.

தேக்கில் செய்தால் ஒலி இனிமையாக இருக்கும் என்கிறார்களே சார்? – சேலம்

வீணைக்கு மரம் பேச வேண்டும், ஸ்டாண்டு வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். 19 மி.மீ. மரைன் பிளைவுட் (ஐஎஸ் 710 என்ற தர முத்திரை பார்த்து) இரண்டை ஒட்டித் தட்டிப் பாருங்கள், 'டொக்' என்று செத்த சத்தம் வரும். நமக்கு வேண்டியது அதுதான்.

கட்டை மரம்தான் ஆசை என்றால் பழைய வீடு இடித்த தேக்கு வாங்குங்கள். பல வருஷம் காய்ந்தது, இனி முறுக்காது. ஆனாலும் மழைக்காலத்தில் மரம் அகலவாக்கில் ஊதும், நீளவாக்கில் ஊதாது. மேல்பலகையைச் சட்டத்தோடு இறுக்கி ஒட்டினால் என்றாவது வெடிப்பு விடும். ஸ்க்ரூ ஓட்டையை நீள்வட்டமாகப் போட்டுக் கொஞ்சம் நகர இடம் விடுங்கள். இன்னொன்று: காரைக்குடியில் வாங்கின வாசக்கால் ஒன்றை அறுக்கக் கொடுத்தேன், உள்ளே ஒரு துருப்பிடித்த ஆணி. பட்டறைக்காரர் பிளேடுக்குக் காசு வாங்கியதோடு விடவில்லை, வாங்கிக்கட்டிக்கொண்டும் வந்தேன். காந்தம் வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

யமஹா என்எஸ்-1000எம், ஒன்று 31 கிலோ. ஒரு அடி ஸ்டாண்டில் நாலு கால் தாங்குமா? வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது. – கோவை

கால் நொறுங்காது. ஒன்றரை அங்குலக் கட்டையே இதற்கு அதிகம். பயப்பட வேண்டியது பக்கவாட்டு ஆட்டத்துக்கு. நாலு காலும் மேல்பலகையும் மட்டும் என்றால் நாளடைவில் ஸ்க்ரூ தளர்ந்து சாய்சதுரமாகும். பின்பக்கம் முழுப்பலகை ஒன்று அடையுங்கள், அல்லது குறுக்காக ஒரு சட்டம் கொடுங்கள். நட்டுவைத்த மாதிரி நிற்கும்.

அடுத்தது கவிழ்வது. பெட்டி 67.5 செ.மீ., ஸ்டாண்டு 30. உச்சி ஒரு மீட்டருக்குப் பக்கம். ஸ்டாண்டின் அடி 36 செ.மீ. ஆழம் என்றால், உச்சியைப் பிடித்து ஆறேழு கிலோ அளவுக்கு இழுத்தாலே கவிழும். தொங்குகிற குழந்தைக்கு அது பெரிய விஷயமில்லை. அடியை 50 செ.மீ.க்கு நீட்டி, ஸ்டாண்டும் 8 கிலோ இருந்தால் அது பத்துக்குப் பக்கம் போகும். அதுவும் போதாது. இந்தப் பெட்டியில் கனமான காந்தங்கள் எல்லாம் முன்பக்கம்தான், அதனால் அடியை முன்னால் அதிகம் நீட்டுங்கள். உயரத்தை 20 செ.மீ.க்குக் குறையுங்கள், குழந்தை வளரும்வரை நைலான் பட்டையால் சுவரோடு கட்டிவிடுங்கள். அழகு கெடும் என்று வீட்டில் சொன்னால் என் பேரைச் சொல்லுங்கள்.

ஸ்டாண்டின் அடியில் ஸ்பைக் (கூரான உலோகக் கால்) வேண்டுமா?

வேண்டாம். ஸ்பைக் கம்பளத்தைத் துளைத்துத் தரையைப் பிடிக்க வந்தது. நம் வீட்டு டைல்ஸில் அது கீறல் மட்டுமே போடும். கெட்டி ரப்பர் போதும். ரசமட்டம் வைத்து இடம் வலம் சரிபாருங்கள்.

இரும்புக் குழாயில் வெல்டிங் செய்தால் மலிவாச்சே? – திருப்பூர்

தாராளமாக. ஆனால் வெறுங்குழாய் மணி மாதிரி அடிக்கும். மணலை வாணலியில் வறுத்து, ஆறவைத்து நிரப்புங்கள். ஈர மணல் போட்டால் குழாய் உள்ளே துருப்பிடித்துவிடும்.

ஏஆர்-3ஏ ஸ்பீக்கர், 1967 மாடல், அப்பாவுடையது. நகராமல் இருக்கப் பெட்டியின் அடியில் ஸ்க்ரூ போட்டு ஸ்டாண்டோடு பிணைக்கலாமா ஐயா? – திருச்சி

கூடவே கூடாது அம்மா. அந்த ரகத்தில் பெட்டிக்குள் அடைபட்ட காற்றுதான் ஊஃபருக்கு ஸ்பிரிங். ஏஆர் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவரான எட்கர் வில்சூர் 1954இல் கொண்டுவந்த யோசனை அது. அடியில் ஒரு ஓட்டை கசிந்தாலும் பேஸ் கெடும். நாலு மூலையிலும் மெல்லிய ரப்பர் துண்டு வையுங்கள், கனத்துக்கு அது நகரவே நகராது.

வார்னிஷ் அடித்த ஸ்டாண்டில் உடனே ஏற்றிவிடாதீர்கள். மேலே காய்ந்த மாதிரித் தெரியும், உள்ளே காய்ந்திருக்காது. நான் நாலாம் நாளே ஒன்றை வைத்து, எடுக்கும்போது பெட்டியின் அடிப்பக்க வால்நட் வினீரில் (மேலே ஒட்டிய மெல்லிய மரத்தகடு) ஒரு கீற்று ஸ்டாண்டோடு வந்துவிட்டது. மூன்று வாரம் விடுங்கள். அதுவரை செங்கல்லிலேயே பாடட்டும்.