வேகமாக வாசிக்க ஒரு நவீன எலக்ட்ரிக் கிட்டார் வாங்கப் போகிறேன். எதைப் பார்த்து வாங்குவது, ஃப்ளாய்ட் ரோஸ் (கம்பிகளைப் பூட்டி வைக்கும், பாரால் அசைக்கக்கூடிய பிரிட்ஜ்) அவசியமா?

உங்கள் நிலைமை நான் புரிந்துகொண்டபடி இது: சில வருடங்களாகச் சாதாரண ஸ்ட்ராட் வகைக் கிட்டார் வாசிக்கிறீர்கள், இப்போது மெட்டல், ஃப்யூஷன் பக்கம் கை போகிறது, ஐபனெஸ் ஆர்ஜி, சார்வெல் மாதிரி ஒன்று வேண்டும்.

இந்த வகைக் கிட்டாரில் காசு போக வேண்டிய இடங்கள் மூன்று: நெக் (கை பிடிக்கும் கழுத்து), ஃப்ரெட் (அதன் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்), பிரிட்ஜ் (உடலில் கம்பிகளைத் தாங்கும் பகுதி). மற்றதெல்லாம் பிறகு மாற்றிக்கொள்ளக்கூடியவை. நாலாவதாக ஒரு செலவும் இருக்கிறது, பலரும் மறந்துவிடுவது: செட்டப், அதாவது நெக்கையும் கம்பி உயரத்தையும் சுருதியையும் சரியாகத் திருத்தி வைப்பது. கிட்டாருக்கு ஒதுக்கிய பணத்தில் பத்தில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுத்தான் மாடல்களைப் பார்க்கத் தொடங்க வேண்டும். நன்றாகச் செட்டப் செய்த நடுத்தர விலைக் கிட்டார், செட்டப் செய்யாத விலையுயர்ந்த கிட்டாரை எளிதாகத் தோற்கடிக்கும்.

உங்கள் பழைய கிட்டார் ஏன் தடுக்கிறது என்று முதலில் பார்ப்போம். 1954-ல் வந்த முதல் ஸ்ட்ராட்டோகாஸ்டரின் ஃப்ரெட்போர்டு (ஃப்ரெட்டுகள் பதித்த, நெக்கின் முன்பக்கம்) 7.25 அங்குல ஆரம் கொண்டது, அதாவது நன்றாக வளைந்தது. கார்டு பிடிக்க விரலுக்குச் சுகம். ஆனால் கம்பிகளைத் தாழ்த்தி வைத்துவிட்டு 15-ஆம் ஃப்ரெட்டுக்கு மேலே முதல் கம்பியை ஒரு முழு டோன் பெண்ட் செய்து (பக்கவாட்டில் தள்ளிச் சுருதியை ஏற்றி) பாருங்கள். கம்பி வளைவின் மேட்டைக் கடக்கும்போது அடுத்த ஃப்ரெட்டில் உரசி ஒலி செத்துவிடும். அதைத் தவிர்க்கக் கம்பியை உயர்த்தினால் வேகம் போய்விடும். இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் நவீன கிட்டார்களில் போர்டைத் தட்டையாக்கினார்கள். சார்வெல் ப்ரோ-மாட் வரிசையில் நட் (நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் தங்கும் துண்டு) பக்கம் 12 அங்குலமாகத் தொடங்கி மேலே போகப் போக 16 அங்குலமாக விரியும். 1987-ல் அறிமுகமாகி இன்றும் புதிதாகக் கிடைக்கும் ஐபனெஸ் ஆர்ஜி550-ல் முழு நீளத்துக்கும் 430 மி.மீ., கிட்டத்தட்ட 17 அங்குலம். கார்டும் லீடும் கலந்து வாசிப்பவருக்கு 12–16 நல்லது. லீடு மட்டும்தான் என்றால் 430 மி.மீ.

நெக்கின் தடிமன் தனி விஷயம். ஆர்ஜி550-ன் நெக் முதல் ஃப்ரெட்டில் 17 மி.மீ., 12-ஆம் ஃப்ரெட்டில் 19 மி.மீ. அதே நிறுவனத்தின் விசார்ட் 3 என்ற இன்னொரு வகை நெக் 19, 21 மி.மீ. இரண்டு மி.மீ. தானே என்று நினைக்க வேண்டாம், கையில் எடுத்தால் வித்தியாசம் பெரிதாகத் தெரியும். மெல்லிய நெக் என்றாலே வேகம் என்பது எல்லாக் கைக்கும் பொருந்தாது. கட்டை விரலை நெக்கின் பின்னால் நடுவில் வைத்து வாசிப்பவருக்கு 17 மி.மீ. அற்புதம். கட்டை விரலை மேலே மடக்கிப் பிடிப்பவருக்குக் கால் மணி நேரத்தில் உள்ளங்கை வலிக்கும். கடையில் லீடு மட்டும் வாசித்துப் பார்க்காமல், பத்து நிமிடம் தொடர்ந்து பார் கார்டு (ஒரே விரலால் எல்லாக் கம்பிகளையும் அழுத்தும் கார்டு) பிடித்துப் பாருங்கள். நெக்கைப் பற்றிய உண்மை அப்போது தெரியும். சென்னையில் இருப்பவர்களுக்கு, அண்ணா சாலையில் 1842-லிருந்து இருக்கும் மியூசி மியூசிக்கல் மாதிரி கடைகளில் வெவ்வேறு நெக்குகளைத் தொட்டுப் பார்க்க முடியும். ஆன்லைனில் வாங்குவதாக இருந்தாலும் இந்த வேலையை நேரில் முடித்துவிடுங்கள்.

ஃப்ரெட் ஜம்போ அளவாக, சுமார் 2.8 மி.மீ. அகலம், 1.4 மி.மீ. உயரம் இருந்தால் பெண்டும் வைப்ரேட்டோவும் எளிது. விரல் நுனி மரத்தில் உரசாது. ஆனால் அழுத்திப் பிடிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு உயரமான ஃப்ரெட்டில் சுருதி ஏறிவிடும், கையை லேசாக்கப் பழக வேண்டும். பட்ஜெட் இடம் கொடுத்தால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஃப்ரெட் எடுங்கள். வழக்கமான நிக்கல் சில்வரைவிடக் கடினமானது (அதில் வெள்ளி கிடையாது; செம்பு, நிக்கல், துத்தநாகம்தான்). தினமும் பெண்ட் செய்பவர்களுக்கு நிக்கல் சில்வரில் சில வருடங்களில் பள்ளம் விழும். வியர்வை அதிகமுள்ள கைக்கும் கடலோரக் காற்றுக்கும் ஸ்டெயின்லெஸ் இன்னும் பொருத்தம். பின்னால் ரீஃப்ரெட் செய்யும் செலவை நினைத்தால் இந்த ஒன்றுக்குக் கூடுதலாகக் கொடுப்பது வீண் போகாது.

இனி பிரிட்ஜ். முடிவெடுக்க அதிக நேரம் தர வேண்டிய இடம் இதுதான்.

ஃப்ளாய்ட் ரோஸுக்கு 1979-ல் காப்புரிமை கிடைத்தது. கம்பியை நட்டிலும் சாடிலிலும் (பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பியும் தங்கும் துண்டு) இரண்டு பக்கமும் பூட்டிவிடுவதுதான் அதன் சூட்சுமம். நடுவில் உரசிச் சிக்க இடமே இல்லாததால் பிரிட்ஜை அசைக்கும் கைப்பிடியான பாரை முழுவதுமாக அமுக்கிவிட்டு விட்டாலும் சுருதி திரும்பி வரும். அந்த வசதிக்கு நீங்கள் கொடுக்கும் விலை வேறு பக்கத்தில் இருக்கிறது. பிரிட்ஜ் மிதக்கிறது: ஒரு பக்கம் ஆறு கம்பிகளின் இழுவிசை, மறுபக்கம் பின்னால் உள்ள ஸ்பிரிங்குகளின் இழுவிசை, இரண்டும் சரிசமமாக இருக்கும் புள்ளியில் அது நிற்கிறது. எந்த ஒன்றை மாற்றினாலும் எல்லாம் மாறும். ஆறாவது கம்பியை மட்டும் ஒரு முழு டோன் இறக்கினால் (டிராப் டி) மற்ற ஐந்தும் ஏறிவிடும். ஒரு கம்பி அறுந்தால் பாட்டு அங்கேயே நின்றுவிடும். ஒரு கம்பியைப் பெண்ட் செய்து பக்கத்துக் கம்பியைச் சேர்த்து ஒலிக்கவிட்டால் பக்கத்துக் கம்பி இறங்கும். உள்ளங்கையை அழுத்தி பாம் மியூட் செய்தால் சுருதி ஏறும்.

ஆகவே என் கருத்து: டைவ் (பாரை அமுக்கிச் சுருதியை ஒரேயடியாக இறக்குவது), ஹார்மோனிக் கூச்சல், பாரை மேலே இழுப்பது இவையெல்லாம் உங்கள் இசையில் உண்மையிலேயே இருந்தால் மட்டும் ஃப்ளாய்ட் ரோஸ். எப்போதாவது லேசான அசைவு போதும் என்றால் கோட்டோ 510 போன்ற இரண்டு முளைகளில் நின்று அசையும் ட்ரெமோலோ பிரிட்ஜும், தலைப்பக்கம் கம்பியைப் பூட்டும் லாக்கிங் ட்யூனரும் போதும். கம்பி மாற்ற ஐந்து நிமிடம்தான். ஒரே கச்சேரியில் இரண்டு மூன்று ட்யூனிங் வேண்டுபவர்கள் அசையாத ஹார்ட்டெயில் பிரிட்ஜ் எடுப்பது நல்லது, அதில் தயக்கமே வேண்டாம்.

ஃப்ளாய்ட் ரோஸ்தான் என்று முடிவானால் எந்த ரகம் என்று பாருங்கள். ஒரிஜினல், 1000 சீரிஸ் இரண்டிலும் கடினமான எஃகு. விலை குறைந்த கிட்டார்களில் வரும் ஸ்பெஷல் ரகத்தில் சாடிலும் பிளாக்கும் (பிரிட்ஜுக்குக் கீழே ஸ்பிரிங் மாட்டும் உலோகக் கட்டி) துத்தநாகக் கலவை. மோசம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் கடுமையான பயன்பாட்டில் முதலில் தேய்வது அதுதான். நிறுவனப் பெயர் போடாத நகல் பிரிட்ஜ் உள்ள கிட்டாரைத் தவிர்த்துவிடுங்கள். பிரிட்ஜ் இரண்டு முளைகளின் மேல் கத்தி முனை போன்ற விளிம்பில் நிற்கிறது. மென்மையான உலோகத்தில் அந்த முனை மழுங்கினால் சுருதி திரும்பவே திரும்பாது, அதற்கு எந்தச் செட்டப்பும் மருந்தில்லை. நல்ல பிரிட்ஜிலும் இதே சேதத்தை நாமே செய்துவிட முடியும்: கம்பிகள் முழு இழுவிசையில் இருக்கும்போது அந்த முளைகளைத் திருகி உயரம் மாற்றுவது. கம்பிகளைத் தளர்த்திவிட்டுத்தான் முளையைத் தொட வேண்டும்.

கம்பி மாற்றும்போது ஆறையும் ஒன்றாகக் கழற்றாமல் ஒவ்வொன்றாக மாற்றுங்கள், சமநிலை குலையாது. குண்டு முனையை வெட்டி, சாடிலில் செருகி, 3 மி.மீ. ஆலன் கீயால் இறுக்க வேண்டும். ஃபைன் ட்யூனர்களை (பிரிட்ஜில் சுருதியை நுணுக்கமாகத் திருத்தும் திருகுகள்) அவற்றின் பாதி தூரத்தில் வைத்து, நட் பூட்டைத் திறந்தே வைத்துக்கொண்டு தலைப்பக்க ட்யூனரால் சுருதி சேருங்கள். கம்பியை விரலால் நன்றாக இழுத்துவிட்டு மறுபடி சேருங்கள். இரண்டு மூன்று சுற்றுக்குப் பிறகு சுருதி நிலைத்ததும் நட்டைப் பூட்டுங்கள். பூட்டும்போது சுருதி நிறைய ஏறினால் நட்டுக்குப் பின்னால் உள்ள ரிடெய்னர் பட்டை கம்பியைப் போதுமான அளவு கீழே அழுத்தவில்லை என்று அர்த்தம், அதன் திருகுகளைக் கொஞ்சம் இறக்க வேண்டும். பூட்டை முரட்டுத்தனமாக இறுக்கினால் திருகு மரை போய்விடும்.

கம்பியின் தடிமனை மாற்றினால் கதை வேறு. 25.5 அங்குல ஸ்கேலில், சாதாரண ட்யூனிங்கில், 9–42 செட்டின் மொத்த இழுவிசை சுமார் 38 கிலோ. 10–46 செட்டில் அது 46 கிலோவைத் தாண்டும். அந்த எட்டு கிலோ பிரிட்ஜை முன்னால் சாய்த்துவிடும். சரிசெய்ய எளிதான வழி: பின் மூடியைக் கழற்றி, பிளாக்குக்கும் கிட்டாரின் வால்பக்கச் சுவருக்கும் நடுவில், பிரிட்ஜ் உடலுக்கு இணையாக நிற்கும் அளவுக்கு ஒரு மரத்துண்டைச் செருகுங்கள். சுருதி சேருங்கள். பிறகு ஸ்பிரிங் மாட்டியுள்ள தகட்டின் இரண்டு திருகுகளையும் கால் சுற்று, கால் சுற்றாக இறுக்கிக்கொண்டே வந்தால் ஒரு கட்டத்தில் மரத்துண்டு தானாக நழுவி விழும். அதுதான் சமநிலை. திருகுகள் முழுதாக உள்ளே போயும் விழவில்லை என்றால் இன்னொரு ஸ்பிரிங் சேர்க்க வேண்டும்.

பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சைகையாக மாற்றுவது) பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். ஹம்பக்கர் (இரைச்சலைக் குறைக்கும் இரட்டைச் சுருள் பிக்கப்) இரண்டு போதும். சுத்தமான ஒலியும் அடிக்கடி வேண்டுமென்றால் நடுவில் ஒரு சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள் பிக்கப்) அல்லது ஹம்பக்கரின் ஒரு சுருளை மட்டும் ஒலிக்கவிடும் காயில் ஸ்ப்ளிட் வசதி. பேட்டரியில் இயங்கும் ஆக்டிவ் பிக்கப் என்றால், கேபிள் செருகியிருக்கும்வரை 9 வோல்ட் பேட்டரி ஓடிக்கொண்டே இருக்கும். வாசித்து முடித்ததும் ஜாக்கை உருவிவிடுங்கள்.

வாங்குமுன் சோதனை: ஆம்பில் மாட்டாமல், ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டையும் தனித்தனியாக வாசியுங்கள். ஆறு கம்பி, 24 ஃப்ரெட், 144 சுரம். பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலைதான். ஒரே இடத்தில் மட்டும் கம்பி கரகரத்தால் அதற்கு அடுத்த ஃப்ரெட் உயர்ந்திருக்கலாம். மூன்று ஃப்ரெட்டை மட்டும் தொடும் நீளமுள்ள நேரான இரும்பு விளிம்பை வைத்தால், நடு ஃப்ரெட் உயரமாக இருந்தால் ஊசலாடும். எல்லா இடத்திலும் கரகரத்தால் பெரும்பாலும் செட்டப்பில் சரியாகிவிடும். உள்ளங்கையை நெக் விளிம்பில் ஓட்டிப் பார்த்து ஃப்ரெட் முனை குத்துகிறதா என்று கவனியுங்கள். ட்ரஸ் ராடு (நெக்கின் வளைவைத் திருத்த உள்ளே இருக்கும் இரும்புக் கம்பி) திரும்புகிறதா என்று கடைக்காரரைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். பழைய கிட்டாரில் இதை விடவே கூடாது. கடைசியில் சுருதி காட்டும் ட்யூனரை மாட்டி, பாரை அமுக்கி விட்டு ஒரு முறை, மேலே இழுத்து விட்டு ஒரு முறை அளவு பாருங்கள். இரண்டுக்கும் இடையே இரண்டு மூன்று சென்ட்டுக்கு (அரை டோனின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) மேல் வித்தியாசம் வந்தால் கத்தி முனையைச் சந்தேகிக்க வேண்டும்.

செட்டப்பை நீங்களே கற்றுக்கொள்வது இந்தக் கிட்டாரின் பாதி இன்பம். வரிசை மாறக்கூடாது: முதலில் ட்யூனிங், பிறகு ரிலீஃப் (நெக்கின் லேசான முன்வளைவு), பிறகு ஆக்‌ஷன் (ஃப்ரெட்டுக்கு மேல் கம்பியின் உயரம்), கடைசியில் இன்டொனேஷன் (எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சரியாக இருப்பது). ரிலீஃபுக்கு முதல் ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டு, நெக் உடலில் சேரும் இடத்தில் ஆறாவது கம்பியை அழுத்தி, எட்டாவது ஃப்ரெட்டின் மேல் உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். 0.15-லிருந்து 0.25 மி.மீ. இலக்கு. அளக்க ஃபீலர் கேஜ் வேண்டும்; பைக்கின் வால்வு இடைவெளி பார்க்க மெக்கானிக் வைத்திருக்கும் அதே தகடு, வண்டி உதிரிபாகக் கடையில் கிடைக்கும். ட்ரஸ் ராடை வலப்பக்கம் இறுக்கினால் இடைவெளி குறையும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம், ஒவ்வொரு திருப்பத்துக்குப் பிறகும் சுருதி சேர்த்துவிட்டு அளந்து பாருங்கள். 12-ஆம் ஃப்ரெட்டில் ஆறாவது கம்பிக்கு 1.7 மி.மீ., முதல் கம்பிக்கு 1.3 மி.மீ. நல்ல தொடக்கம். அதற்குக் கீழே போவது உங்கள் பிக் அடி எவ்வளவு லேசானது என்பதைப் பொறுத்தது.

மெல்லிய நெக் வானிலைக்குச் சீக்கிரம் அசையும். அதனால்தான் விலை கூடிய மாடல்களில் நெக்குக்குள் டைட்டானியம் அல்லது கிராஃபைட் கம்பி வைக்கிறார்கள். வடகிழக்குப் பருவமழை நாட்களில் ஈரம் ஏறும்போது நெக் பெரும்பாலும் முன்னால் வளைந்து கம்பி உயரும். நாள் முழுக்க ஏசி ஓடும் அறையில் காய்ந்தால் நேராகிக் கரகரக்கும், ஃப்ரெட் முனைகளும் வெளியே நீட்டும். ஒரு மலிவான ஹைக்ரோமீட்டரைக் (ஈரப்பத மானி) கேஸுக்குள் போட்டு 45–55 சதவீத ஈரப்பதத்தைக் காப்பாற்றினால் ட்ரஸ் ராடு பக்கம் அதிகம் போக வேண்டியிருக்காது. வாசித்ததும் கம்பியையும் பிரிட்ஜ் திருகுகளையும் உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். துருப்பிடித்த சாடில் திருகு பின்னால் பெரிய தலைவலி.

வீட்டில் வாசிக்க ஆடியோ இன்டர்ஃபேஸும் (கிட்டாரைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) ஹெட்போனும் இருந்தால் நள்ளிரவிலும் ஹை கெயின் (கனமான மெட்டல்) ஒலி கிடைக்கும். கிட்டாரை இன்ஸ்ட்ருமென்ட் இன்புட்டில்தான் செருக வேண்டும்; லைன் இன்புட்டில் செருகினால் ஒலி மங்கிவிடும். 48 கிலோஹெர்ட்ஸில் பஃபரை (கணினி ஒரு தடவைக்கு எடுத்துக்கொள்ளும் ஒலித் துண்டின் அளவு) 128 சாம்பிளுக்கு வைத்தால் அதன் தாமதம் 2.7 மில்லி விநாடி. உள்ளே வந்து வெளியே போகும் மொத்தத் தாமதம் 10 மில்லி விநாடிக்குள் இருந்தால் கை தடுமாறாது. பெரிய இரைச்சல் வந்து, கம்பியைத் தொட்டதும் அது குறைந்தால் பிக்கப்பைக் குறை சொல்லாதீர்கள். முதலில் சுவர் சாக்கெட்டில் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். லேப்டாப் சார்ஜரை உருவியதும் இரைச்சல் போய்விட்டால் காரணம் அந்த சார்ஜர். கம்பியில் விறுவிறுவென்று உணர்ந்தால் எர்த் சரியாகும்வரை அந்தச் சாக்கெட்டில் வாசிக்க வேண்டாம்.