‘நீங்க வெண்டர்தானே’ என்றார்களா? நல்லதாகப் போயிற்று

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன். கோரமங்களாவில் உள்ள ஓர் ஆப் கம்பெனிக்கு இரண்டு வருடமாக ஃப்ரீலான்ஸில் தமிழாக்கம் செய்கிறேன். ஐடி கார்டு உண்டு, தினமும் காலை பத்து மணி மீட்டிங் உண்டு, வாட்ஸ்அப் குரூப்பில் ‘நம்ம ஃபேமிலி’ வேறு. நான்கு மாத பில் 1,80,000 ரூபாய் நிற்கிறது. கேட்டால், ‘கிளையன்ட் கொடுத்ததும் தருவோம், நீங்க வெண்டர்தானே’ என்கிறார்கள். நான் ஊழியர்தான் என்று வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம், ஆனால் இப்போது வேண்டாம் என்பேன். ஐடி கார்டும் மீட்டிங்கும் மட்டுமே ஒருவரை ஊழியராக்கிவிடாது. வேலையை எப்படிச் செய்வது என்பதுவரை கட்டுப்படுத்தும் உரிமை யாரிடம் இருந்தது என்று நீதிமன்றம் துருவும், வருடக்கணக்கில் இழுக்கும். அதோடு, இங்கே ‘ஊழியர்’ என்று மனு கொடுத்துவிட்டு இன்னோர் இடத்தில் ‘சிறு நிறுவனம்’ என்று போய் நின்றால், உங்கள் காகிதமே உங்களைக் காட்டிக்கொடுக்கும்.

அவர்கள் சொன்ன ‘வெண்டர்’ என்ற சொல்லையே பிடித்துக்கொள்ளுங்கள். உத்யம் என்பது சிறு தொழில் செய்பவர்களுக்கான மத்திய அரசுப் பதிவு. அந்தப் பதிவுள்ள சிறு வெண்டருக்கு 45 நாளுக்குள் பணம் வந்தாக வேண்டும் என்கிறது குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான 2006-ம் ஆண்டின் எம்எஸ்எம்இ சட்டம். ஒப்பந்தத்தில் 90 நாள் என்று எழுதியிருந்தாலும் செல்லாது. எழுத்தில் கெடுவே பேசவில்லை என்றால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் ‘பேங்க் ரேட்’ என்ற வட்டி விகிதத்தைப்போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. கிளையன்ட் கதையெல்லாம் இங்கே எடுபடாது.

உத்யம் எடுத்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கரன்ட் அக்கவுன்ட் திறக்கும்போது வங்கியில் சொன்னார்கள் என்று எடுத்துவிட்டு மறந்துபோனவர்கள் நிறைய. மெயிலில் தேடிப் பாருங்கள். இருந்தால், கர்நாடகத்தில் இதற்கென்று உள்ள கவுன்சிலில் ஆன்லைனிலேயே மனு போடலாம். முதலில் சமரசம், சரிவராவிட்டால் நடுவர். தீர்ப்பை எதிர்த்துப் போக நினைத்தால் கம்பெனி முதலில் 75 சதவீதத்தைக் கட்டவேண்டும். பலர் அங்கேயே இறங்கி வந்துவிடுவார்கள்.

இல்லையென்றால் இன்றே எடுங்கள். ஆதாரும் பானும் போதும், கட்டணம் கிடையாது. ‘ஃபீஸ்’ கேட்கும் ஏஜென்டிடம் போகாதீர்கள். ஆனால் வேலை முடித்த பிறகு எடுத்த பதிவு பழைய பில்லுக்கு உதவாது என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தக் கேள்வி 2025-ல் பெரிய அமர்வுக்குப் போயிருக்கிறது என்றாலும் அதை நம்பி உட்காரவேண்டாம். பழைய பாக்கிக்கு வக்கீல் நோட்டீஸ், பிறகு சிவில் வழக்கு. மூன்று வருட அவகாசம் உண்டு.

அப்புறம், வருமான வரித் தளத்தில் உங்கள் பெயரில் கட்டப்பட்ட வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தைத் திறந்து பாருங்கள். பணம் தராமலேயே பில்லைக் கணக்கில் ஏற்றி டிடிஎஸ் (உங்கள் தொகையில் பிடித்துக் கட்டும் வரி) மட்டும் கட்டிவிடும் கம்பெனிகள் உண்டு. அப்படிக் கட்டியிருந்தால் நல்ல சாட்சி. அது ஒன்றே போதும் என்று சொல்லமாட்டேன். மெயில்களும் கூட நிற்கவேண்டும்.

அதனால் கோபத்தில் அந்த ‘ஃபேமிலி’ குரூப்பிலிருந்து வெளியேறிவிடாதீர்கள். ஃபைல் வந்தது, நன்றாக இருக்கிறது என்று அவர்கள் போட்ட மெசேஜெல்லாம் அதில்தான் கிடக்கிறது. இன்று இரவே முழு சாட்டையும் எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள்.