ராயல் ஜெல்லிக்கு எந்தத் தேனீ? வாசகர் கேள்வி-பதில்

மார்த்தாண்டம் பெட்டியில் இந்தியத் தேனீ வைத்திருக்கிறேன். ராயல் ஜெல்லி எடுக்கலாமா? (அம்பாசமுத்திரம்)

எடுக்கலாம், கட்டுபடியாகாது. ராணியாக வளரும் புழுவுக்கு ஊட்டும் இந்த ஜெல்லி ஊறுவது, புழுக்களைப் பராமரிக்கும் செவிலித் தேனீக்களின் தலையிலுள்ள சுரப்பிகளில். ராணி அறை போன்ற சிறு கிண்ணங்களில் நாம் புழுவை விட்டால், அவை அதில் ஜெல்லியை நிரப்பும். இளந்தேனீக்கள் திரளாக இருந்தால்தான் கிண்ணம் நிறையும். இந்தியத் தேனீக் கூட்டம் சின்னது. அடிக்கடி திறந்து நோண்டினால் பெட்டியைக் காலி செய்துவிட்டுப் போய்விடும். ஜெல்லிதான் வேண்டுமென்றால் இத்தாலியத் தேனீக்கு வாருங்கள்.

'சீனத்து ரகம், பத்து மடங்கு ஜெல்லி' என்று ஒருவர் ராணி விற்கிறார். வாங்கலாமா? (வள்ளியூர்)

அப்படியொரு ரகம் உண்டு. செஜியாங் மாகாணத்தில் 1980களில் இத்தாலியத் தேனீயிலிருந்தே பொறுக்கியெடுத்து வளர்த்தது. ஒரு பெட்டிக்கு ஆண்டில் 10 கிலோவைத் தாண்டும். ஆனால் அந்த 10 கிலோவுக்குப் பின்னால் குறையாத மகரந்தமும், மூன்று நாளைக்கொரு முறை கிண்ணங்களில் புது இளம்புழுக்களை விடும் ஆட்களும் இருக்கிறார்கள். அப்புறம், அந்த ராணியின் மகள் வெளியே பறந்து நம் ஊர் ஆண் தேனீக்கள் பலவற்றோடு கூடித் திரும்புவாள். அடுத்த தலைமுறையிலேயே குணம் நீர்த்துவிடும். வம்சத்துக்கு அத்தாட்சி இல்லாமல் காசைக் கொடுக்காதீர்கள்.

கார்னியோலன் எப்படி? (பாளையங்கோட்டை)

குளிர்நாட்டுத் தேனீ. மகரந்தம் குறைந்தால் உடனே புழு வளர்ப்பைச் சுருக்கிக்கொள்ளும். நமக்கு வேண்டாம்.

இரண்டு இடங்களில் வாங்கிய இத்தாலியத் தேனீக்களில் எது மேல் என்று கண்டுபிடிப்பது எப்படி? (தென்காசி)

விற்றவர் சொல்வதைவிட இந்தச் சோதனையைத்தான் நம்புவேன். ஒரே தோப்பில், சம பலமுள்ள பெட்டிகளாக, ஒவ்வொரு இடத்துத் தேனீக்கும் ஐந்தாறு வையுங்கள். பிறந்து ஒரு நாள் ஆகாத புழு எள்ளைவிடச் சிறியது. பால் போன்ற துளியில் வளைந்து மிதக்கும். ஒரே அடையிலிருந்து அப்படிப்பட்ட புழுக்களை எடுத்து இரு பக்கக் கிண்ணங்களிலும் விடுங்கள். இரு பக்கத்துக்கும் புழு ஒரே இடத்திலிருந்து வந்திருந்தால்தான் வித்தியாசம் செவிலிகளுடையது என்று சொல்ல முடியும். 72 மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும். தாமதித்தால் ஜெல்லியைப் புழுவே தின்றுவிடும். எத்தனை கிண்ணங்களை ஏற்றன, கிண்ணத்துக்கு எத்தனை மில்லிகிராம் என்று இரண்டையும் எழுதுங்கள். கிண்ணத்துக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் வந்தால் நல்ல கூட்டம். சாரல் நேரத்தில் ஒரு சுற்று, பூப்பு நேரத்தில் ஒரு சுற்று பாருங்கள். சாரலில் வெளியே போக முடியாமல் மகரந்தம் குறையும்போதுதான் ரகத்தின் தரம் தெரியும்.

விற்பதாக இருந்தால் ஆய்வகத்தில் '10-எச்டிஏ' (ராயல் ஜெல்லிக்கே உரிய கொழுப்பு அமிலம்) அளவையும் பாருங்கள். சர்வதேசத் தரம் குறைந்தது 1.4 சதவீதம் கேட்கிறது. எடை கூடினால் இதுவும் கூடும் என்று நினைக்க வேண்டாம்.

வீட்டில் எல்லோரும் சாப்பிடலாமா? (சேரன்மகாதேவி)

ஆஸ்துமா, ஒவ்வாமை உள்ளவர்களுக்குக் கொடுக்காதீர்கள். மூச்சுத்திணறல் வரை போகும்.