வாசகர் கேள்வி–பதில்: நிதித்துறைப் பேராசிரியர் ஆக

கேள்வி: வங்கியில் நிறுவனக் கடன் பிரிவில் இருக்கிறேன். முதலீட்டுப் பகுப்பாய்வுக்கான சிஎஃப்ஏ தொழில்முறைத் தகுதியும் முடித்தாயிற்று. பல்கலைக்கழகத்தில் கார்ப்பரேட் ஃபைனான்ஸ் பேராசிரியர் ஆக எம்பிஏ படிக்கட்டுமா?
– வாசகி, தெம்பனிஸ்

பதில்: வேண்டாம், காசுதான் கரையும். ஆய்வுப் பணிக்கு பிஎச்டி தேவை. சிஎஃப்ஏவும் வங்கி அனுபவமும் பகுதிநேர விரிவுரையாளர் வேலைக்குக் கைகொடுக்கும். சிங்கப்பூரின் என்யூஎஸ், என்டியூ, எஸ்எம்யூ பல்கலைக்கழகங்கள் மூன்றிலும் நிதித்துறை பிஎச்டி உண்டு. முழுநேர மாணவர்களுக்குப் பெரும்பாலும் உதவித்தொகையும் கிடைக்கும். பரிந்துரைக் கடிதத்தை உங்கள் ஆய்வுத் திறனை அறிந்த ஆசிரியரிடம் வாங்குங்கள். கிளை மேலாளர் எவ்வளவு புகழ்ந்தாலும் தேர்வுக் குழு அசையாது.

பிஎச்டி முடிக்கப் பெரும்பாலும் 4 முதல் 6 ஆண்டு பிடிக்கும். முதல் 2 ஆண்டு பாடங்கள், பிறகு தகுதித் தேர்வு. வேலையிலிருந்து வருபவர்கள் சறுக்குவது நுண்பொருளியலில்: அங்கே கேட்பது கணக்கின் விடையை அல்ல, நிரூபணத்தை. சேரும் முன்பே லீனியர் ஆல்ஜிப்ராவைத் தூசு தட்டிவிடுங்கள். பிஎச்டி முடித்துப் பேராசிரியர் வேலை தேடும்போது உங்களை எடைபோடுவது ஒரே ஒரு கட்டுரை, அதுவும் தனியாக எழுதியதாக இருந்தால் நல்லது. டென்யூருக்கு, அதாவது நிரந்தரப் பேராசிரியர் பதவிக்கு, ஜர்னல் ஆஃப் ஃபைனான்ஸ், ஜர்னல் ஆஃப் ஃபைனான்ஷியல் எகனாமிக்ஸ், ரிவ்யூ ஆஃப் ஃபைனான்ஷியல் ஸ்டடீஸ் போன்ற இதழ்களில் வந்தவற்றைத்தான் முதலில் பார்ப்பார்கள். நன்றாகப் பாடம் நடத்துவது மட்டும் போதாது.

கேள்வி: கடன் மிகுந்த நிறுவனங்கள் குறைவாக முதலீடு செய்கின்றன என்று என் ரிக்ரஷன் (காரணிகளுக்கு இடையிலான தொடர்பை அளக்கும் புள்ளியியல் முறை) காட்டுகிறது. மேற்பார்வையாளர் ஒப்புக்கொள்ளவில்லையே?
– பிஎச்டி மாணவர், ஜூரோங்

பதில்: அவர் சொல்வது சரி. தொழில் படுத்ததால் கடன் ஏறி, அதே காரணத்தால் முதலீடும் குறைந்திருக்கலாம். கடனை நிறுவனமே தீர்மானிக்கும்வரை இந்தச் சந்தேகம் தீராது. நிறுவனத்தின் கையில் இல்லாத ஒன்றைத் தேடுங்கள். அமெரிக்க ஆய்வாளர்கள் 2007 நிதி நெருக்கடியை அப்படித்தான் பயன்படுத்தினார்கள்: பல ஆண்டுகளுக்கு முன் வாங்கிய நீண்டகாலக் கடன் சரியாக நெருக்கடி நேரத்தில் முதிர்ந்த நிறுவனங்களை, பிறகு முதிரவிருந்த நிறுவனங்களோடு ஒப்பிட்டார்கள். முதல் வகை முதலீட்டைக் கூடுதலாக வெட்டியது. நெருக்கடிக்கு முன் இரு குழுக்களின் முதலீடும் ஒரே போக்கில் நகர்ந்ததா என்று வரைபடம் போட்டுக் காட்டாவிட்டால், கட்டுரையை இதழுக்காக மதிப்பிடும் நடுவர் திருப்பி அனுப்பிவிடுவார்.

தரவில் எஸ்ஐசி (தொழில்வகைக் குறியீட்டு எண்) 6000–6999 கொண்ட நிதி நிறுவனங்களை நீக்குங்கள். வங்கிக்குக் கடன் என்பது மூலப்பொருள். விகிதங்களை இரு முனையிலும் 1 விழுக்காட்டில் வின்சரைஸ் செய்யுங்கள், அதாவது அந்த எல்லையைத் தாண்டிய மதிப்புகளை எல்லை மதிப்புக்கே மாற்றிவிடுங்கள், இல்லையேல் சொத்தே இல்லாத நாலைந்து நிறுவனங்கள் முடிவைத் திருப்பிவிடும். ஒரே நிறுவனம் ஆண்டுதோறும் வருவதால் திட்டப்பிழையை (மதிப்பீடு எவ்வளவு தடுமாறலாம் என்ற அளவு) நிறுவன வாரியாக கிளஸ்டர் செய்யவும், அதாவது ஒரே நிறுவனத்தின் பதிவுகளை ஒரே குழுவாகக் கருதிக் கணக்கிடவும்.