க்ளாஹேமர் பாஞ்சோ: முதல் மெட்டு கைக்கு வர என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: வட கரோலினாவின் ராலே நகரில் வசிக்கிறேன். இங்கு வந்த பிறகு ஓல்ட்-டைம் இசை (ஃபிடில், பாஞ்சோ சேர்ந்த பழைய அமெரிக்க நாட்டுப்புற இசை) மேல் ஆசை வந்து, ஐந்து தந்தி பாஞ்சோ ஒன்று வாங்கினேன். கல்லூரி நாட்களில் கிட்டார் வாசித்திருக்கிறேன், சின்ன வயதில் சரளி வரிசை வரை பாட்டும் கற்றிருக்கிறேன். இப்போது நகத்தால் தந்தியைக் கீழ்நோக்கி அடிக்கும் க்ளாஹேமர் முறையில் ‘க்ரிப்பிள் க்ரீக்’ மெட்டை, எந்தத் தந்தியை எங்கே அழுத்துவது என்று எண்களால் எழுதிய டேப் குறிப்பை இணையத்தில் பார்த்துப் பழகுகிறேன். இரண்டு வரி தாண்டுவதற்குள் கை தடுமாறுகிறது, கட்டைவிரல் ஐந்தாம் தந்தியைத் தவறவிடுகிறது. ஒரே ஒரு எளிய மெட்டையாவது முழுதாக வாசிக்க எங்கிருந்து தொடங்குவது? என்னுடையது பின்பக்கம் மூடிய ரெசனேட்டர் பாஞ்சோ, அதை மாற்ற வேண்டுமா? பக்கத்தில் வாராவாரம் சிலர் கூடி வாசிக்கிறார்கள். போக ஆசை, தயக்கமும் இருக்கிறது.

பதில்: முதலில் அந்த டேப்பை மூடி வைத்துவிடுங்கள். ‘க்ரிப்பிள் க்ரீக்’ அருமையான மெட்டுதான். ஆனால் இணையத்தில் கிடைக்கும் டேப் பெரும்பாலும் கைதேர்ந்த ஒருவர் வாசித்ததை அப்படியே எழுதி வைத்தது. எது மெட்டின் ஸ்வரம், எது அவர் போகிற போக்கில் சேர்த்த சங்கதி என்று அதில் பிரித்துத் தெரியாது. எல்லாம் எண்களாக வரிசையில் நிற்கும். ஒவ்வோர் எண்ணாகத் தேடிப் பிடிப்பதற்குள் உங்கள் வலது கை நின்றுவிடுகிறது. க்ளாஹேமரில் வலது கை நின்றால் பாட்டே நின்றுபோகும். இந்த முறையில் வலது கை ஒரே அசைவில் ஓயாமல் போய்க்கொண்டிருக்கும், மெட்டு அதன் மேல் ஏறிக்கொள்ளும். இடது கை தப்பலாம், ஒரு ஸ்வரம் விட்டுப்போகலாம். வலது கை மட்டும் நிற்கவே கூடாது. நான் சொல்லப்போகும் மற்ற எல்லாமே இந்த ஒன்றுக்காகத்தான்.

அந்த அசைவை ஓல்ட்-டைம்காரர்கள் ‘பம்-டிட்டி’ என்று வாயால் சொல்லிக் கொடுப்பார்கள். நீங்கள் ‘தாம் தக’ என்று சொல்லிப் பாருங்கள், கணக்கு அப்படியே உட்காரும்: ‘தாம்’ இரண்டு மாத்திரை, ‘த’ ஒன்று, ‘க’ ஒன்று. ‘தாம்’ சொல்லும்போது ஆள்காட்டி விரலோ நடுவிரலோ, நகத்தின் மேற்பக்கத்தால் ஒரே ஒரு தந்தியைக் கீழ்நோக்கி அடிக்க வேண்டும். மெட்டின் ஸ்வரம் விழும் இடம் அது. ‘த’ என்னும்போது அதே விரல் அதே திசையில் கீழே உள்ள இரண்டு மூன்று தந்திகளை லேசாக வருடிப் போகும். ‘க’ என்னும்போது கட்டைவிரல் ஐந்தாம் தந்தியைச் சுண்டும். அவ்வளவுதான். விரல் மேல்நோக்கிச் சுண்டுவது என்பதே இதில் கிடையாது.

கிட்டார் பழகிய கைக்குச் சிக்கல் வருவதும் இங்கேதான். கிட்டாரில் விரல்கள் உள்ளங்கையை நோக்கி மடங்கிச் சுண்டும். இங்கே விரல்களை லேசாக மடக்கி வைத்துக்கொண்டு, அந்த வடிவம் மாறாமல், மணிக்கட்டும் முன்கையும் சேர்ந்து கையை இறக்க வேண்டும். விரலை மட்டும் நீட்டி நீட்டி அடித்தால் நாதம் மெலிந்துவிடும், சீக்கிரமே கையும் வலிக்கும்.

இனி உங்கள் கட்டைவிரல். அது தவறுவதற்குக் காரணம், ‘க’ வரும்போதுதான் அது தந்தியைத் தேடிப் புறப்படுகிறது. தேடவே கூடாது. ‘தாம்’ அடிக்கும் அந்த நொடியிலேயே கட்டைவிரல் ஐந்தாம் தந்தியின் மேல் வந்து உட்கார்ந்திருக்க வேண்டும். ‘த’ வருடும்போதும் அப்படியே. ‘தாம்’ முடிந்து கை எழும்போது கட்டைவிரல் சத்தமில்லாமல் எழும். ‘த’ முடிந்து எழும்போது தந்தியையும் சுண்டிக்கொண்டு எழும், அதுதான் ‘க’. சோதித்துப் பாருங்கள்: ‘தாம்’ அடித்த கணத்தில் கையை அசைக்காமல் நிறுத்திவிட்டுக் குனிந்து பாருங்கள். கட்டைவிரல் ஐந்தாம் தந்தியைத் தொட்டுக்கொண்டிருந்தால் சரி. காற்றில் தொங்கிக்கொண்டிருந்தால் வேறு எதையும் பழக வேண்டாம், இதை மட்டும் திருத்துங்கள். பின்னாளில் ‘தாம்’ அடிக்குப் பிறகும் கட்டைவிரலைச் சுண்டி எழுப்பினால் அதுவே டபுள் தம்பிங் என்கிற அடுத்த கட்டம். அதற்கான அடித்தளமும் இப்போதே விழுந்துவிடும்.

கையை எங்கே வைப்பது? கழுத்துக் கட்டை வந்து, பாஞ்சோவின் வட்ட முகத்தில் இழுத்துக் கட்டிய தோலைத் தொடும் இடத்துக்கு மேலே வைத்து வாசியுங்கள். பிரிட்ஜ் (தோல் மேல் நின்று தந்திகளைத் தாங்கும் சிறு கட்டை) பக்கம் போகப் போக ஒலி கூர்மையாகி அதட்டும். கழுத்துப் பக்கம் வந்தால் உருண்டையாக, கனிவாகக் கேட்கும். ஓல்ட்-டைமுக்கென்றே செய்த பல பாஞ்சோக்களில் கழுத்தின் கடைசிப் பகுதியைக் கொஞ்சம் குடைந்தே விட்டிருப்பார்கள், நகம் கட்டையில் இடிக்காமல் இருக்க.

சுருதியை ஓப்பன் ஜி-யில் வையுங்கள். ஐந்தாம் தந்தியிலிருந்து முதல் தந்தி வரை ஜி, டி, ஜி, பி, டி. ஜி-யை ஸட்ஜமாக வைத்துக்கொண்டால் உங்களுக்கு இன்னும் எளிது: நான்காம் தந்தி மந்தர பஞ்சமம், மூன்றாவது ஸட்ஜம், இரண்டாவது அந்தர காந்தாரம், முதலாவது பஞ்சமம். நடுக் கழுத்தில் தொடங்கும் குட்டையான ஐந்தாம் தந்தி தார ஸட்ஜம். வீணையில் பக்கவாட்டில் உள்ள தாளத் தந்திகளுக்கு என்ன வேலையோ, ஏறக்குறைய அதே வேலைதான் இந்த ஐந்தாம் தந்திக்கும்: சுருதியும் தருகிறது, தாளத்தையும் பிடித்து வைத்திருக்கிறது. இடது கையால் எதையும் தொடாமல் வருடினாலே ஜி கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) ஒலிக்கும். எனவே முதல் சில நாட்கள் இடது கைக்கு ஓய்வு. மூன்றாம் தந்தியில் ‘தாம்’, பிறகு ‘தக’. அடுத்து இரண்டாம் தந்தியில், அடுத்து முதல் தந்தியில். பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டே கை தடைபடாமல் போகிற அளவுக்கு வந்த பிறகு மெட்டுக்கு வாருங்கள்.

மெட்டுக்கு என் தேர்வு ‘பாயில் தெம் கேபேஜ் டவுன்’. முட்டைக்கோஸ் வேகவைப்பதையும் சோளமாவு அடையைத் திருப்பிப்போடுவதையும் பற்றிய பழைய பாட்டு. ஃபிடில் கற்கும் குழந்தைகளுக்கும் இதைத்தான் முதலில் கொடுப்பார்கள். மொத்தம் நான்கே ஸ்வரங்கள், நம் சங்கராபரணத்தின் பூர்வாங்கம்:

க க | ம ம | க க | ரி ரி
க க | ம ம | க ரி | ஸ ஸ

முதலில் பாஞ்சோவைத் தொடாமல் இதைப் பாடுங்கள். ஒவ்வோர் எழுத்தும் ஒரு முழு ‘தாம் தக’. எழுத்துக்கு ஒருமுறை காலைத் தட்டினால் மொத்தம் 16 தட்டு. வாயில் நின்ற பிறகு கைக்குக் கொண்டுவாருங்கள். காந்தாரம் இரண்டாம் தந்தி, எதையும் அழுத்த வேண்டாம். மத்யமம் அதே தந்தியில் முதல் ஃப்ரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த கம்பிக் கோடு). ரிஷபம் மூன்றாம் தந்தியில் இரண்டாம் ஃப்ரெட். ஸட்ஜம் மூன்றாம் தந்தி, சும்மா. ஆக இடது கை தொட வேண்டியது இரண்டே இடங்கள். ‘தாம்’ அந்த ஸ்வரத்தில் விழும், பின்னாலேயே ‘தக’ வந்து நிரப்பும். பதினாறையும் முடித்ததும் நிற்காமல் திரும்பத் தொடங்குங்கள். தப்பினால் தப்பியதை விட்டுவிட்டு அடுத்த எழுத்தில் சேர்ந்துகொள்ளுங்கள். நிறுத்தித் திருத்தும் பழக்கம் கிட்டாரிலிருந்து வந்திருந்தால் அதை இங்கே கண்டிப்பாக விட வேண்டும்.

மெட்ரோனோம் வைத்தால் ஒரு ‘தாம் தக’வுக்கு ஒரு தட்டு, நிமிடத்துக்கு 50 அல்லது 60 போதும். சதுர நடனத்துக்கு வாசிக்கும்போது இது 110, 120 வரை போகும். வேகத்தைப் பற்றி இப்போது நினைக்காதீர்கள். மெதுவாக வாசிக்கும்போதும் ஆடத் தோன்ற வேண்டும், அதுதான் அளவுகோல்.

இது ஓடத் தொடங்கியதும், வருடும்போது கார்ட் சரியாக ஒலிக்கவில்லையே என்று காது கேட்கும். அப்போது மத்யமம் வரும் இடத்தில் முழு சி கார்டைப் பிடியுங்கள்: நான்காம் தந்தியில் இரண்டாம் ஃப்ரெட், இரண்டாம் தந்தியில் முதல் ஃப்ரெட், முதல் தந்தியில் இரண்டாம் ஃப்ரெட். ரிஷபத்துக்கு டி செவன்: மூன்றாம் தந்தியில் இரண்டாம் ஃப்ரெட், இரண்டாம் தந்தியில் முதல் ஃப்ரெட். இரண்டிலும் மெட்டின் ஸ்வரம் கார்டுக்குள்ளேயே இருக்கிறது, தனியாகத் தேட வேண்டியதில்லை.

அலங்காரம் இரண்டு போதும். ஒன்று ஹேமர்-ஆன்: ரிஷபம் வரும்போது மூன்றாம் தந்தியைச் சும்மா அடித்துவிட்டு, இடது நடுவிரலை இரண்டாம் ஃப்ரெட்டில் ஓங்கி வையுங்கள். ‘ஸரி’ என்று கேட்கும். ‘தாம்’ இரண்டு மாத்திரை என்றேனே, அதில் முதல் மாத்திரை அடி, இரண்டாவது மாத்திரையில் விரல் விழ வேண்டும். அவசரப்பட்டு முன்கூட்டியே வைத்துவிடுவதுதான் எல்லோரும் செய்வது. இரண்டாவது ஸ்லைடு: காந்தாரத்தை இரண்டாம் தந்தியில் எடுக்காமல், மூன்றாம் தந்தியில் இரண்டாம் ஃப்ரெட்டை அழுத்தி அடித்து நான்காம் ஃப்ரெட்டுக்கு இழுங்கள். அங்கேயும் அதே காந்தாரம்தான், ஆனால் வழுக்கிக்கொண்டு வந்து சேரும். இந்த ஒரு ஸ்லைடு வந்ததுமே ஊர் மணம் வந்துவிடும்.

இந்தக் கீழ்நோக்கிய அடி எங்கிருந்து வந்தது என்பதையும் தெரிந்துகொண்டு வாசிப்பது நல்லது. பாஞ்சோ, அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் கருவி. சுரைக்குடுக்கையில் தோல் போர்த்திச் செய்தார்கள். செனகல், காம்பியா பகுதியில் ஜோலா மக்கள் வாசிக்கும் அகோன்டிங் கருவியில் இன்றும் குட்டைத் தந்தி உண்டு, விரல் நகத்தால் கீழ்நோக்கி அடித்து, கட்டைவிரலால் அந்தக் குட்டைத் தந்தியை மீட்டுகிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் வெள்ளையர் மேடைகளுக்குப் போன பாஞ்சோவுக்கு 1855இல் பிரிக்ஸ் எழுதிய பயிற்சி நூலும் இந்த அடியைத்தான் விளக்குகிறது. ஏர்ல் ஸ்க்ரக்ஸ் 1945இல் பில் மன்றோ குழுவில் சேர்ந்து பரப்பிய மூன்று விரல் ப்ளூகிராஸ் பாணி இதற்கு மிகவும் பிந்தியது. உங்கள் பாஞ்சோவோடு விரலில் மாட்டும் உலோகப் பிக்குகள் வந்திருந்தால் அவை அந்தப் பாணிக்கானவை, கழற்றி வைத்துவிடுங்கள்.

ரெசனேட்டரை மாற்ற வேண்டாம். அப்படியே வாசிக்கலாம், சத்தம் கூடுதலாகத் தோன்றினால் திருகுகளைக் கழற்றிப் பின்மூடியை எடுத்துவிடலாம். தோலுக்கும் உள்ளே போகும் கம்பிக்கும் இடையில் ஒரு பழைய காலுறையைச் செருகினால் சிணுங்கல் அடங்கும், அடுக்ககத்தில் பக்கத்து வீட்டுக்காரரும் தூங்குவார். நகம் விரல் நுனியைச் சற்றே தாண்டினால் போதும். உடையும் நகமாக இருந்தால் செயற்கை நகம் ஒட்டிக்கொள்ளும் வாத்தியக்காரர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை.

அந்த வாராந்திரக் கூட்டத்துக்குத் தாராளமாகப் போங்கள், இப்போதே போங்கள். ஓல்ட்-டைமில் தனியாவர்த்தனம் என்று உங்களை நோக்கி யாரும் தலையசைக்க மாட்டார்கள். எல்லோரும் ஒரே மெட்டைச் சேர்ந்தே வாசிப்பார்கள், திரும்பத் திரும்ப நிமிடக்கணக்கில். மெட்டைப் பிடித்துக்கொள்ள அவ்வளவு அவகாசம் வேறெந்த இசையிலும் கிடைப்பது அரிது. வெளி வட்டத்தில் உட்கார்ந்து, ஃபிடில் கேட்கும் அளவுக்குத் தணித்து, மெட்டு தெரியாவிட்டால் ‘தாம் தக’ மட்டும் போடுங்கள். ஃபிடில்காரர் காலைத் தூக்கினால் அது கடைசிச் சுற்று. முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டியது ஒன்று: ‘கேபேஜ்’ பாட்டை ஃபிடில்காரர்கள் பெரும்பாலும் ஏ-யில் வாசிப்பார்கள். இரண்டாம் ஃப்ரெட்டில் கேப்போ (தந்திகளைக் கழுத்தோடு சேர்த்து அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டு, ஐந்தாம் தந்தியையும் ஜி-யிலிருந்து ஏ-க்கு ஏற்றிக்கொள்ளுங்கள். சில பாஞ்சோக்களில் அதற்காக ஏழாம் ஃப்ரெட் அருகே சின்ன ஆணி இருக்கும், தந்தியை அதற்கடியில் செருகினால் போதும். விரல் இடங்கள் எதுவும் மாறாது.

உங்கள் ஊரிலிருந்து காரில் சில மணி நேரத்தில் போகக்கூடிய சர்ரி கவுன்டியில் ரவுண்ட் பீக் என்ற பகுதி இருக்கிறது. டாமி ஜாரெல், கைல் க்ரீட் இருவரும் அந்த மண்ணுக்காரர்கள். அவர்கள் வாசிப்பின் ஒலிப்பதிவுகளைத் தேடிக் கேளுங்கள். வலது கை நிற்காமல் போவது என்றால் என்னவென்று காதுக்குப் புரியும். அடுத்த மெட்டுக்கு ‘ஆஞ்சலின் தி பேக்கர்’ எடுத்துக்கொள்ளலாம். ஸ்டீஃபன் ஃபாஸ்டர் 1850இல் எழுதிய பாட்டிலிருந்து கிளைத்தது, மோகனம் பாடியவருக்கு உடனே பிடிபடும். டி-யில் வாசிப்பார்கள் என்பதால் சுருதி மாற வேண்டும்: நான்காம் தந்தியை டி-யிலிருந்து சி-க்கு இறக்கி, இரண்டாம் தந்தியை பி-யிலிருந்து சி-க்கு ஏற்றி, கேப்போவை இரண்டிலேயே விட்டு, ஐந்தாம் தந்தியை ஏ-யிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.