உசிக் சின்ன ஆள்

வணக்கம் சார். குத்துச்சண்டையில் எடைப்பிரிவு பார்க்காமல் ஒரு தரவரிசை போடுகிறார்களே, அதில் ஜப்பானின் இனோவேயையும் உக்ரைனின் உசிக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார்கள். ஒருவர் 55 கிலோ, இன்னொருவர் 100 கிலோ. மோதினால் என்ன ஆகும் என்று குழந்தைக்கும் தெரியும். இதில் ஒப்பிட என்ன இருக்கிறது?
எஸ்.

அன்புள்ள எஸ்.,

மோதினால் உசிக்தான். எடைப்பிரிவு என்று ஒன்றை வைத்ததே அதற்காகத்தானே. ‘பவுண்ட் ஃபார் பவுண்ட்’ பட்டியலின் கேள்வி வேறு: எடையைக் கழித்தால் மிச்சமிருக்கும் வித்தை எவ்வளவு?

இதற்காகச் சிலர் இனோவேயைக் கற்பனையில் ஊதிப் பெரிதாக்கிச் சண்டைக்கு விடுவார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஒருவர் நிஜமாகவே மேல் பிரிவுக்கு ஏறியபோது என்ன நடந்தது என்று பார்ப்பேன்.

1952 ஜூன், நியூயார்க் யாங்கி ஸ்டேடியம். மிடில்வெயிட் சாம்பியன் சுகர் ரே ராபின்சன், தன்னைவிட ஏழு கிலோ கூடுதலான லைட் ஹெவிவெயிட் சாம்பியன் ஜோயி மாக்சிமோடு மோதினார். கொடும் வெக்கை. பத்தாவது ரவுண்டோடு நடுவரே முடியாமல் இறங்கிவிட, வேறொருவரை ஏற்றினார்கள். புள்ளி போட்ட மூவர் கணக்கிலும் ராபின்சன்தான் முன்னால். ஆனால் பதிமூன்றாவது ரவுண்டு முடிந்து உட்கார்ந்தவரால் எழ முடியவில்லை. ஏட்டில் அது தோல்வி. நான் அவரை உச்சியில் வைப்பதற்கு அந்தப் பதிமூன்று ரவுண்டுகளும் ஒரு காரணம்.

அப்புறம், பட்டங்களை எண்ணி ஏமாறாதீர்கள். 1938இல் ஹென்றி ஆம்ஸ்ட்ராங் ஒரே சமயத்தில் மூன்று பிரிவுகளில் சாம்பியன். அன்று மொத்தமே எட்டுப் பிரிவுகள். இன்று 17க்குக் குறையாது, ஒவ்வொன்றிலும் பட்டம் கொடுக்க நாலு அமைப்புகள். கீழ்ப் பிரிவுகளுக்கிடையே வித்தியாசம் ஒன்றரை கிலோதான். மூன்று பிரிவுப் பட்டம் என்றால், யாரை அடித்து வாங்கினார் என்றுதான் முதலில் கேட்க வேண்டும்.

ஹெவிவெயிட்காரர்கள் பாவம், ஏறிக் காட்ட அவர்களுக்கு மாடியே இல்லை. உசிக் ஆனால் அங்கேயே பிறந்தவர் அல்ல. 2018இல் க்ரூஸர்வெயிட்டின் நாலு பட்டங்களையும் வாங்கிவிட்டு மேலே வந்தவர். 2024இல் அவர் தோற்கடித்த டைசன் ஃப்யூரி, அவரைவிட 15 கிலோவுக்கு மேல் கனம். நீங்கள் பெரிய ஆள் என்று நினைத்தவர் அந்த ரிங்கில் சின்ன ஆள். இனோவேயும் 49 கிலோ பிரிவில் தொடங்கி நாலு பிரிவு ஏறியவர்தான். ஆனாலும் என் பட்டியலில் உசிக் ஒரு படி மேலே.